முக்கு வரைக்கும்

உப்போடைப்பட்டி மேலத்தெருவில் வெள்ளத்தாய் செத்துப்போனது ஆடி மாதத்து முதல் திங்கட்கிழமை. கொட்டுக்காரர்கள் முன்னே போக, பாடை அவர்களுக்குப் பின்னே போக, ஆண்கள் பாடைக்குப் பின்னே போக, எல்லோருக்கும் பின்னே மேலத்தெருப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு, தெரு முக்கு வரைக்கும் போய் அங்கே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து தலை முழுகுவோம் என்று நடந்தபோது, முக்கு வரவில்லை. தவசியின் டீக்கடையும் அதை ஒட்டி நின்ற பதினாலாம் நம்பர் விளக்குக் கம்பமும் சேர்ந்ததுதான் மேலத்தெரு முக்கு. இரண்டும் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தன, நாற்பது தப்படி தூரத்தில் இருந்தன, நாற்பது தப்படி நடந்த பிறகும் நாற்பது தப்படி தூரத்திலேயே இருந்தன.

"என்னடி இன்னைக்கு முக்கு இம்புட்டுத் தூரம் கெடக்கு?" என்று மூக்கைச் சிந்திவிட்டு ஒருத்தி கேட்டாள். "வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும், நட" என்றாள் இன்னொருத்தி. நடந்தார்கள். வீடுகள் முடிந்தன, தெரு முடியவில்லை. அதே சிமெண்டுச் சாலை அதே வெடிப்புகளோடு, அதே சாக்கடை அதே கொசுக்களோடு, இரண்டு பக்கமும் வீடே இல்லாமல் மேற்கே நீண்டுகொண்டு போனது. கண்மாய்க் கரைக்கு வந்ததும் முக்கு நின்றது. பெண்களும் நின்றார்கள், முறைப்படி கும்பிட்டார்கள், முறைப்படி திரும்பினார்கள். உள்ளே டீ ஆற்றிக்கொண்டிருந்த தவசி கிளாசைக் கீழே வைத்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தபோது, எதிரில் இருக்க வேண்டிய ரேஷன் கடைக்குப் பதிலாகத் தண்ணீர் இல்லாத கண்மாயும் நாலு எருமை மாடுகளும் இருந்தன. "இங்க எவன்யா டீ குடிக்க வருவான்?" என்பதுதான் அவன் கேட்ட ஒரே கேள்வி.

அந்தக் கூட்டத்தில் அழாமல் நடந்தவள் ஆவுடைத்தாய் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் முப்பது வருசம் சத்துணவு அமைப்பாளராக இருந்து, போன சித்திரையில்தான் ஓய்வு பெற்றிருந்தாள். பருப்பில் கல் கிடந்தால் தலைமை ஆசிரியரையே நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள் என்று பெயர். பிறந்ததும் மேலத்தெரு, வாழ்க்கைப்பட்டதும் மேலத்தெரு, தாலியறுத்ததும் மேலத்தெரு. அவளுக்கு மூன்று வயசிருக்கும்போது அவளுடைய அம்மா செத்துப்போனாள். யாரோ ஒருத்தியின் இடுப்பில் உட்கார்ந்து, இந்த முக்கில் இருந்துதான், பாடை மேற்கே போவதை அவள் பார்த்தாள். ஐம்பத்தைந்து வருசம் ஆகிவிட்டது. பாடையில் கட்டியிருந்த செவ்வந்திப்பூ மட்டும் ஞாபகம் இருக்கிறது, அம்மாவின் முகம் ஞாபகம் இல்லை, எந்தக் குழியில் வைத்தார்கள் என்பது தெரியவே தெரியாது.

தெரியாமல் போனதற்குக் காரணம் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. உப்போடைப்பட்டியில் செத்தவர்களைப் புதைப்பார்கள், புதைக்கிற இடத்துக்குப் பெண்கள் போகக்கூடாது, முக்கு வரைக்கும்தான் போகலாம். ஆகையால் எந்தப் பெண்ணுக்கும் எந்தக் குழியும் தெரியாது. தூக்கிக்கொண்டு போன ஆண்களுக்குத் தெரியும், அவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போனால் அதுவும் அவர்களோடு போய்விடும். சின்ன வயசில் ஆவுடைத்தாய் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். "அங்கனதான்" என்று அவர் மேற்கே பார்த்து மோவாயை ஆட்டினார். பெரியவளானதும் கேட்டாள், அப்போதும் "அங்கனதான்." பெற்றவளைப் புதைத்த இடத்துக்கு ஒரு மோவாய் ஆட்டல்தான் விலாசம். அப்பா செத்தபோது அவருக்குச் சிமெண்டில் சமாதி கட்டி, சுடலைமுத்து என்று கறுப்பு எழுத்தில் பேர் பொறித்தார்கள் என்று ஆண்கள் வந்து சொன்னார்கள். அவள் முக்கில் நின்று கேட்டுக்கொண்டாள்.

இந்த ஆடியில் அவளுக்கு இரண்டு விதத்தில் வயிறு எரிந்தது. ஒன்று, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பு. மயானத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி உள்ளே கொட்டகை போடப் போகிறார்கள், தங்கள் குடும்பத்துச் சமாதிகளை ஆடி முப்பதாம் தேதிக்குள் அடையாளம் காட்டி எழுதித் தர வேண்டும், அடையாளம் காட்டாத மேடுகள் பொக்லைன் வைத்துச் சமன் செய்யப்படும். இன்னொன்று, குலதெய்வம் கோயிலில் கல்லில் வெட்டுவதற்காக அவளுடைய சித்தப்பா கொம்பையா எழுதி முடித்திருந்த வம்சாவளி நோட்டு. ஏழு தலைமுறையை எழுதியிருந்தார். அதில் அவளுடைய அப்பாவின் வரி இப்படி இருந்தது: சுடலைமுத்து, மூ.தா. காலம், இ.தா. காலம், பெண் 1.

இ.தா. என்றால் இளைய தாரம், காலம் என்றால் காலமானவள், மூ.தா. என்றால் மூத்த தாரம். அது அவளுடைய அம்மா. பெண் ஒன்று என்பது அவள்.

"ஏழு தலைமுறைக்கு ஒரு பொம்பளை பேரு இல்ல, சித்தப்பா. நீங்கள்லாம் முருங்க மரத்துல காய்ச்சீகளா?" என்று கேட்டாள். கொம்பையாவுக்கு எழுபத்தி நாலு வயசு, தெருவுக்குப் பெரியவர், அவர் சொல்வதுதான் வழக்கம். "கல்லுல எடம் பத்தாதும்மா" என்றார். குலதெய்வம் யார் என்று கேட்டாள். காளியம்மன் என்றார். கேட்ட கேள்வி என்னவென்று அவருக்குப் புரியவில்லை, புரிய வைக்கவும் அவள் மெனக்கெடவில்லை. "அது கெடக்கட்டும். எங்கம்மாவ எங்க வச்சீக? அன்னைக்குப் போனவுகள்ல உசுரோட இருக்கது நீங்க ஒருத்தர்தான்." கொம்பையா நோட்டை மூடினார். மேற்கே பார்த்து, அவளுடைய அப்பா ஆட்டியது மாதிரியே, மோவாயை ஆட்டினார்.

முக்கு திரும்பி வரவில்லை. தெரு முக்கால் மைல் நீண்டது நீண்டபடியே கிடந்தது, ஊர் அதற்கு ஏற்றாற்போலத் தன்னை மாற்றிக்கொண்டது. பேருந்து முக்கில்தான் நிற்கும் என்பதால் கண்மாய்க் கரை வரை போய்த் திரும்பியது, டிரைவர் அதற்காக முணுமுணுத்தார். தவசியின் கடைக்கு எருமை மேய்ப்பவர்களும், முன்பு அந்தப் பக்கமே போகாத கீழத்தெருக்காரர்களும் வரத் தொடங்கினார்கள், வியாபாரம் முன்னைவிடத் தேவலை என்று அவனே ஒப்புக்கொண்டான். புதுத் தெருவின் இரண்டு பக்கமும் பெண்கள் வற்றல் காயப்போட்டார்கள். மாப்பிள்ளை அழைப்பு முக்கில் இருந்து தொடங்க வேண்டும் என்பதால், ஆடி முடிந்து வரப்போகும் கல்யாணத்துக்கு மேளக்காரர்கள் கூடுதல் ஆள் கேட்டார்கள். தாலுகாவில் இருந்து சர்வேயர் வந்தார், சங்கிலி போட்டு அளந்தார், வரைபடத்தைக் கல் மேல் விரித்து வைத்து இரண்டு முறை பார்த்தார். "படத்துல சரியாத்தான் இருக்கு. தெரு மொதல்லயே இம்புட்டு நீளம்தான். நடுவுல யாரோ ஆக்கிரமிச்சு வச்சிருந்திருக்காங்க" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

இரண்டாவதாகச் செத்தவர் மில்லில் வேலை பார்த்த சங்கரன். இந்த முறை கொம்பையா உஷாராக இருந்தார். முக்கு நகராமல் இருக்க விளக்குக் கம்பத்தோடு ஒரு டிராக்டரைச் சங்கிலியால் கட்டி வைத்தார், சாலைக்குக் குறுக்கே சுண்ணாம்பில் கோடு போட்டு ஆள் நிறுத்தினார். பெண்கள் நடந்தார்கள். கம்பமும் டீக்கடையும் சுண்ணாம்புக் கோடும் நிறுத்தி வைத்த ஆளும் டிராக்டரும் சேர்ந்தே முன்னால் போயின. மயானத்துக்கு வெளியே கருவேலங்காடு தொடங்குகிற இடத்தில் முக்கு நின்றது. அங்கே நின்று பார்த்தால் உள்ளே மேடுகள் தெரிந்தன. வாழ்நாளில் முதல்முறையாகப் பெண்கள் அதைப் பார்த்தார்கள், பெரிதாக ஒன்றும் இல்லையே என்று பேசிக்கொண்டார்கள், இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று ஒருத்தி கேட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஆண்கள் மடத்தில் கூட்டம் போட்டார்கள். பெண்கள் வழக்கத்தை மீறிவிட்டதாகக் கொம்பையா சொன்னார். ஆவுடைத்தாய் மடத்தின் படியில் வந்து நின்றாள்.

"வழக்கம் என்ன சித்தப்பா?"

"பொம்பளைக முக்கு வரைக்கும்."

"முக்கத் தாண்டி ஒரு தப்படி வச்சோமா?"

டிராக்டர்காரன் தன் வண்டியை இனிமேல் கேட்கக் கூடாது என்று மட்டும் சொன்னான். நெடுநேரம் யோசித்துவிட்டுக் கொம்பையா வழக்கத்தைத் திருத்தினார். இனிமேல் முக்கு வரைக்கும் என்ற பேச்சே கிடையாது, சாவு விழுந்தால் பெண்கள் அவரவர் வாசற்படியோடு நின்றுகொள்ள வேண்டும், படி தாண்டக்கூடாது. முன்னோர்கள் காலத்தில் அப்படித்தான் இருந்தது என்றும் சேர்த்துக்கொண்டார். ஆண்களுக்குத்தான் முன்னோர்கள் எவ்வளவு சௌகரியமாக ஞாபகத்துக்கு வந்துவிடுகிறார்கள்! குழி எங்கே என்று கேட்டால் மறந்துபோகிறவர்களுக்கு, படி தாண்டக்கூடாது என்பது மட்டும் எந்தக் காலத்திலும் மறப்பதில்லை.

"சரி. படி தாண்ட மாட்டோம்" என்று சொல்லிவிட்டு ஆவுடைத்தாய் வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து ஆடி முப்பதுக்குப் பதினோரு நாள் இருந்தது. ஊராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். அம்மா பேர் சீனியம்மாள், அவளைச் சமன் செய்யக் கூடாது என்று எழுதிக் கொடுத்தாள். எந்த மேடு என்று எழுத்தர் கேட்டார். தெரியாது என்றாள். தெரியாத மேட்டுக்கு எப்படிம்மா அடையாளம் எழுதுவது, வீட்டு ஆம்பளையைக் கூட்டிக்கொண்டு வாங்க என்றார் அவர். கெட்ட மனுசன் இல்லை, குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார், ஆனாலும் அவள் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை.

ஆடி இருபத்தொன்பதாம் தேதி கொம்பையாவின் மனைவி மாடத்தி செத்துப்போனாள். பிள்ளை இல்லாதவள், ஆவுடைத்தாய்க்குத் தலை சீவிவிட்ட சித்தி. குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பாடையில் ஏற்றினார்கள். கொம்பையா ஈர வேட்டியோடு கொள்ளிக்குடம் தூக்கினார். தெருவின் முப்பத்தேழு வீட்டிலும் பெண்கள், சொன்னது சொன்னபடி, அவரவர் வாசற்படி வரைக்கும் போய் நிற்பதற்காக வீட்டுக்குள் இருந்து நடந்தார்கள்.

படி வரவில்லை. நிலை இருந்த இடத்திலேயே இருந்தது, அதற்குக் கீழே படி இல்லை. மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த முப்பத்தேழு கல்லும் தெருவில் பத்தடி தள்ளித் தெரிந்தன, பெண்கள் நடக்க நடக்க அவையும் நடந்தன. படி தாண்டாதவரை வீட்டுக்குள்தான் இருக்கிறோம் என்பதால் யாரும் செருப்புப் போடவில்லை. அழுதபடியே போனாலும் வீட்டுக்குள் நடப்பதுபோலத்தான் நடந்தார்கள். ஒருத்தி பாதி அரிந்த வெங்காயத்தைக் கையில் வைத்திருந்தாள், ஒருத்தி ஈரத் தலையில் துண்டோடு வந்தாள், வழியில் கிடந்த குப்பையை ஒருத்தி கூட்டி ஓரமாகத் தள்ளினாள். கண்மாயைத் தாண்டினார்கள், டீக்கடையைத் தாண்டினார்கள், கருவேலங்காட்டைத் தாண்டினார்கள், மயானத்துக்குள் நுழைந்தார்கள். படிகள் மயானத்தையும் தாண்டி, அதன் ஓரத்தில் ஓடும் உப்போடைக்கு அக்கரையில் போய் வரிசையாக உட்கார்ந்துகொண்டன. ஆக, அந்த மத்தியானத்தில் மயானம் முழுவதும் மேலத்தெரு வீடுகளுக்குள் இருந்தது.

ஆண்கள்தான் தடுமாறிப் போனார்கள். பீடி பிடித்துக்கொண்டிருந்தவர்கள் பட்டென்று அணைத்தார்கள். "வீட்டுக்குள்ள செருப்போட நிக்கீகளே, கூறு இருக்கா?" என்று ஒருத்தி அதட்டினாள், நாலைந்து பேர் அவசரமாகச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். அதற்குள் மாடத்தியைக் குழிக்குள் இறக்கினார்கள். பெண்கள் ஆளுக்கு மூன்று கை மண் போட்டார்கள்.

பிறகு தேடினார்கள். எல்லாப் பெண்களுக்கும் தேடுவதற்கு ஒருத்தி இருந்தாள், அம்மாவோ அக்காவோ பெற்ற மகளோ. சிமெண்டுச் சமாதிகளில் எல்லாம் ஆண்களின் பேர் இருந்தது. மீதிக் கிடந்த நானூறு, ஐந்நூறு மேடுகளில் ஒன்றிலும் எழுத்து இல்லை, நெருஞ்சி முளைத்திருந்தது. ஆவுடைத்தாய் அப்பாவின் சமாதியைக் கண்டுபிடித்தாள். அதன் இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். இரண்டு பக்கமும் சித்தப்பன் பெரியப்பன்மார். நாளைக்கு முப்பதாம் தேதி. மறுநாள் பொக்லைன் வந்துவிடும். ஐம்பத்தைந்து வருசம் தள்ளி நிற்க வைத்துவிட்டு, கடைசியில் உள்ளே விட்டும் கண்ணைக் கட்டி விட்டது மாதிரிதானே ஆயிற்று என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

உப்போடைக் கரையோரம், மற்ற மேடுகளை விட்டு விலகி, இடுப்பளவுக்கு ஒரு மேடு இருந்தது. ஆண்கள் உட்கார்ந்து உட்கார்ந்து அதன் தலை தட்டையாகி வழவழத்துக் கிடந்தது. கருமம் முடிந்ததும் அதில் உட்கார்ந்துதான் மொட்டை போட்டுக்கொள்வார்கள். பிள்ளை இல்லாததால் கொம்பையாவே அன்று அதில் உட்கார்ந்திருந்தார், முடி வழிக்கும் பலவேசம் பாதித் தலையை வழித்திருந்தார். ஊராட்சி எழுத்தரும் துக்கத்துக்கு வந்திருந்தார். அவரைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கொம்பையா சொல்லிக்கொண்டிருந்தார். "மாடத்தின்னு எழுதிக்கோங்க. மாடத்தியம்மாள்னு முழுசா எழுதணும். சிமெண்டு வச்சுப் பேரு போடணும். அவ இருந்த எடம் தெரியாமப் போயிரக் கூடாது."

ஆவுடைத்தாய் அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"உங்க பொண்டாட்டிக்குப் பேரு வேணும், எடம் வேணும். எங்கம்மா மட்டும் மூ.தா.வா, சித்தப்பா?"

"இன்னைக்கு வேண்டாம் தாயி."

"இன்னைக்கு விட்டா நாளைக்கழிச்சு மண்ணள்ள வந்துருவான். உங்களுக்கு மறக்கல. மறந்தவன் கண்ணு இப்படித் தரையப் பாக்காது. சொல்லுங்க."

பலவேசம் கத்தியை எடுத்துக்கொண்டு விலகி நின்றார். கொம்பையா அழுதார், பாதி மொட்டையோடு, ஈர வேட்டியோடு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அவர் அழுது முடிக்கட்டும் என்று ஆவுடைத்தாய் காத்திருந்தாள். இரக்கம் வந்தது, வந்த இரக்கத்தை அவள் உள்ளே விடவில்லை.

"மதினி வயித்துப் பிள்ளையோட செத்தாக" என்றார் கடைசியில். "ஏழு மாசம். அப்படிச் செத்தவுக திரும்ப ஊருக்குள்ள வந்துருவாகன்னு பெரியவுக சொன்னாக. வராம இருக்கணும்னா ஆம்பளைக மேல உக்காந்து அமுக்கிக்கிட்டே இருக்கணும்னாக. குழி வெட்டுனது நான்தான், பத்தொம்பது வயசு எனக்கு. மூடுனதும் உங்கப்பன மொதல்ல உக்காரச் சொன்னாக. உக்காந்தாரு. பெறகு ஒவ்வொரு சாவுக்கும் யாராச்சும் உக்காந்தோம். இந்தப் பயலுகளுக்கு எதுக்குன்னு தெரியாது, மொட்ட போடுற எடம்னு உக்காருறானுக. எனக்குத் தெரியும்."

"எந்த எடம்?" அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் அவர் வாயால் கேட்க வேண்டும்.

"நான் உக்காந்திருக்கதுதான் தாயி."

அந்த மேட்டில் மொட்டை போட்டுக்கொள்ளாத ஆண் மேலத்தெருவில் யாரும் இல்லை. அப்பனுக்காக உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள், அம்மாவுக்காக உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள், அழுது முடித்து வெற்றிலை போட்டிருக்கிறார்கள், சீட்டாடியிருக்கிறார்கள். ஏழு மாத வயிற்றோடு படுத்திருந்தவள் மேல் ஐம்பத்தைந்து வருசம் ஒரு தெருவே மாற்றி மாற்றி உட்கார்ந்திருக்கிறது. எதற்கு? மூன்று வயசுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போனவள் அதைப் பார்க்க ஒரு தடவை திரும்பி வந்துவிடுவாளோ என்ற பயத்துக்கு. வந்திருந்தால்தான் என்ன? வந்திருக்கட்டுமே!

"எந்திரிங்க" என்றாள் ஆவுடைத்தாய்.

கொம்பையா எழுந்தார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். தள்ளி, வேறு மேடுகளில் உட்கார்ந்திருந்தவர்களும், அது யாருடைய அம்மாவோ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்தார்கள்.

"பேரச் சொல்லுங்க. எழுத்தர் எழுதிக்கிடட்டும்."

மதினியின் பேரைக் கொழுந்தன் சொல்லும் வழக்கம் கிடையாது. கொம்பையா உதட்டை நனைத்துக்கொண்டார். "சீனியம்மா" என்றார். சத்தமாகச் சொல்லச் சொன்னாள். சத்தமாகச் சொன்னார். ஒரு பேர் வந்ததும் மற்றப் பெண்களும் தங்கள் வீட்டு ஆண்களைப் பிடித்துக்கொண்டார்கள், எங்கே, எங்கே என்று கேட்டார்கள், மோவாயை ஆட்டியவர்களின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னார்கள். பொழுது சாய்வதற்குள் எழுத்தரின் தாளில் நூற்றுப் பன்னிரண்டு பெண்களின் பேர் ஏறிவிட்டது. அதற்கு மேல் தெரிந்த ஆள் உயிரோடு இல்லை. பேர் கிடைக்காத மேடுகளின் பக்கத்தில் பெண்களே உட்கார்ந்துகொண்டார்கள். முப்பத்தோராம் தேதி வந்த பொக்லைன், குடியிருக்கும் வீட்டுக்குள் மண் அள்ள அனுமதி இல்லை என்று எழுத்தர் சொன்னதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனது.

வாசற்படிகள் இன்னும் ஓடைக்கு அக்கரையில்தான் இருக்கின்றன. உப்போடைப்பட்டிக்குப் போகிறவர்கள் இப்போதும் பார்க்கலாம், அந்த ஊரில் ஆண்கள் மயானத்தில் நின்றுகொண்டுதான் மொட்டை போட்டுக்கொள்கிறார்கள். கால் வலித்தாலும் நிற்கிறார்கள், தலை சுற்றினாலும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், கொம்பையா சாகும் வரைக்கும் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார். வீட்டுக்குள் வந்தவர்கள் வீட்டுக்காரி சொன்னால்தானே உட்கார முடியும். ஆவுடைத்தாய் இன்னும் சொல்லவில்லை.